ஊசித்துளையும் பென்டிரைவும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் கோடை மழை இடியோடும் மின்வெட்டோடும் வருவது வழக்கம். அவ்வாறு மின்சாரம் போகும் க்ஷணத்தில், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டர் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருக்குமாயின், பழையது பாதி அழிந்தும் புதியது பாதியே எழுதப்பட்டும் அது திக்பிரமை பிடித்தாற்போல் நின்றுவிடக்கூடும். மின்சாரம் திரும்பியபின் விளக்குகள் மினுக்குமே தவிர, வை-ஃபை வராது. திருமலையின் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுகள் ஆன்லைனில் வெளியாகும் காலையாகவும் அது அமைந்துவிட்டால், அவ்வீட்டாரின் சங்கடத்தை விவரிக்க வேண்டுவதில்லை.

கேபிள்காரர் வருகிறார், பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார், “பாக்ஸ் போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்” என்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வேறு உபாயம் எதுவும் அவர் கையில் கொடுக்கப்படவில்லை. ஆனால் போனது பெட்டியன்று. அதன் மின்சுற்றும் ஆண்டெனாவும் சௌக்கியமாகவே இருக்க, ஃபிளாஷ் நினைவகத்தில் சில மெகாபைட் அளவுள்ள மென்பொருள் மட்டுமே சிதைந்திருக்கிறது. அம்மென்பொருளின் நல்ல பிரதி ஒன்று கிடைத்து, அதை உள்ளே செலுத்துவதற்கு உற்பத்தியாளர் ஒரு வழியும் விட்டு வைத்திருந்தால், குப்பைக்குப் போகவிருந்த யந்திரம் பத்து நிமிஷத்தில் எழுந்துவிடும்.

அந்த வழி சிக்கலானதுமன்று. பென்டிரைவை ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்து, அந்த மாடலுக்கே உரிய கோப்பை அது எதிர்பார்க்கும் பெயரில் இட்டு, ரீசெட் துளையில் குண்டூசியை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், இதற்கென அமைக்கப்பட்ட ரவுட்டர் தானே அக்கோப்பைத் தேடிப் படித்துக்கொள்ளும். விளக்கின் நிறம் மாறி நிலைக்கும் வரை பிளக்கைத் தொடாதிருக்கும் பொறுமைதான் முக்கியம். கல்லூரிகளிலும் பெரிய லாட்ஜுகளிலும் சில இடங்களில் கம்ப்யூட்டரையே ரவுட்டராக வைத்திருப்பார்கள். அங்கே பென்டிரைவிலிருந்தே யந்திரத்தை பூட் செய்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவி, முன்பே எடுத்து வைத்த அமைப்புகளின் பிரதியை மீண்டும் ஏற்றிவிடலாம். அந்தப் பிரதியை எடுத்து வைக்கும் விவேகம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

இடி மட்டுமே சத்துரு என்று எண்ணிவிடலாகாது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான மோடம்களை ஒரு நச்சு மென்பொருள் செயலிழக்கச் செய்தது. தொழிற்சாலையில் வைத்த ‘அட்மின்’ என்ற கடவுச்சொல் மாற்றப்படாமல் கிடந்ததே அது உள்ளே நுழைய அனுகூலமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் நாட்டுக்கு அர்ப்பணித்த ஆந்திர ஃபைபர்நெட், மின்கம்பங்களின் வழியே கண்ணாடி இழையைக் கொண்டு சென்று, மாதம் 149 ரூபாய் முதல் இணையம், டெலிபோன், டெலிவிஷன் மூன்றையும் கிராமங்களுக்குத் தர முற்பட்டது. இழை வீடு வரை போய்ச் சேர்ந்தும், அதன் முனையிலுள்ள பெட்டியை உயிர்ப்பிக்கும் கோப்பு உள்ளூர் ஆபரேட்டரிடம் இல்லையென்றால், அத்தனை பிரயாசையும் கடைசி அடியில் தடுக்கி விழுகிறது.

2024 நவம்பரில் வெளிவந்த ‘ஓபன்டபிள்யூஆர்டி ஒன்’ என்னும் ரவுட்டரில் ஃபிளாஷ் சில்லுகள் இரண்டு: ஒன்று அன்றாடப் பிரயோகத்துக்கு, மற்றொன்று, சாதாரணமாக எழுத இயலாதபடி காக்கப்பட்டு, மீட்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. முதலாவது முற்றிலும் கெட்டாலும், சிறு சுவிட்சைத் தள்ளி, பென்டிரைவைச் செருகி, அதை மீட்டுவிடலாம். ஆகவே இது அசாத்தியம் என்று எந்தக் கம்பெனியும் இனிச் சொல்வதற்கில்லை.

கோப்புகளைப் பகிரங்கமாக வெளியிட்டால் துஷ்டர்கள் அவற்றில் விஷத்தைக் கலந்துவிடுவார்கள் என்பது கம்பெனிகள் வழக்கமாகக் கூறும் ஆட்சேபம். உற்பத்தியாளரின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத எந்தக் கோப்பையும் ஏற்காதபடி பெட்டியை அமைக்க முடியும்போது இந்த அச்சம் எதற்கு? பல வருஷங்களாகப் புதுப்பிக்கப்படாமல் ஓட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளே, என் அபிப்பிராயத்தில், இதைவிடப் பெரிய அபாயம்.

2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது, விவசாயக் கருவிகள், மொபைல் போன் முதலிய மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முன்வைத்தது. ரவுட்டரைப் பெயர் சொல்லி அதில் சேர்ப்பதற்கு யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசு அதற்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் யு.எஸ்.பி. வழி மீட்பு இருக்க வேண்டும், அதற்குரிய கோப்பும் தமிழிலும் தெலுங்கிலும் அச்சிட்ட ஒரு பக்கக் குறிப்பும் ஒவ்வொரு கேபிள் ஆபரேட்டரிடமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அடுத்த டெண்டரிலேயே ஒரு ஷரத்து சேர்த்துவிடலாம்.