ஊர்க்குளத்துக்கு டிக்கெட் கிடையாது

"தீம் பார்க்கில் யார் சாதி பார்க்கிறார்கள்? காசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே வரிசைதானே?" என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கும் அந்த நினைவு உண்டு. சீட்டுப் பணத்தில் சேரியே வேன் பிடித்துச் சென்னைக்குப் போனோம். புளிசோற்றை உள்ளே விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து தின்றோம். செயற்கை அலைக்குளத்தில் யார் யாரோ குளித்தார்கள், நாங்களும் குதித்தோம். எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் ஊருக்கு வந்தால், ஊர்க்குளத்தில் எங்கள் கால் படக்கூடாது. "காசு குடுத்தா தண்ணிக்குத் தீட்டு இல்லபோல" என்றார் அம்மா.

காசுதான் சாதியை ஒழித்ததா? அட்லாண்டாவில் ஃபன்டவுன் பூங்காவும் டிக்கெட் விற்றது. கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் விற்கவில்லை. அங்கே போக ஆசைப்பட்ட ஆறு வயது மகளிடம் அதைச் சொல்ல நா எழாமல் தவித்ததை, 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதினார். அவரிடம் டிக்கெட்டுக்குக் காசு இல்லாமலா? அத்தகைய கதவுகளை நாடெங்கும் திறக்க 1964இன் சிவில் உரிமைச் சட்டம் தேவைப்பட்டது.

இங்கே பூங்கா வாசலில் சாதி சொல்லித் தடுக்க முடியாதபடி செய்தது அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு. கடை, உணவகம், கேளிக்கை இடம் என்று சொல்லும் அதே பிரிவுதான் அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறையையும் சொல்கிறது. அதற்கு முன்பே 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டார்.

தோழர்களே, ஒருநாள் அலைக்குளத்தில் நனைந்ததைச் சமத்துவம் என்று எண்ணி ஏமாறாதீர்கள். அது வாடகைக்குக் கிடைத்தது; மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். நாம் இறங்க வேண்டியது ஊர்க்குளத்தில்.