சரித்திர ஆராய்ச்சியும் கணினிப் பயிற்சியும்

கல்வெட்டும் செப்பேடும் ஓலையும் கொண்டு பழமையை ஆராய்வோர்க்கு இந்நாளிற் கணினிப் பயிற்சி இன்றியமையாததென்று எங்கும் பேசப்படுகின்றது. அதன்பொருட்டுக் கல்லூரிகள்தோறும் பயிலரங்குகள் நடைபெறுகின்றன. அவற்றை வேண்டாவென்று கூறுதல் எமது நோக்கமன்று. அவை நடைபெறும் முறையைக் குறித்தே இரண்டொரு வார்த்தை கூற விரும்புகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பயிலரங்கொன்றிற்கு யாமும் சென்றிருந்தோம். இரண்டு நாட்கள்; குளிரூட்டிய அறை; ஆளுக்கொரு கணினி; நண்பகலில் நல்ல விருந்து. கற்பித்தவர் வல்லுநர் என்பதில் ஐயமில்லை. ஆயின் பயிற்சிக்கெனத் தரப்பட்டவை இலண்டன் மாநகரத்துப் பழைய வழக்குமன்றப் பதிவுகள். அந்நாட்டார் செவ்வனே திருத்திச் செப்பஞ்செய்து வைத்தவை அவை. விசையை அழுத்தியவுடன் சொற்கள் அகரவரிசையில் வந்து நின்றன, யாமும் மகிழ்ந்தோம். சான்றிதழோடு ஊர் திரும்பி, எம்மிடமிருந்த ஓலைக்கட்டை அவிழ்த்து நோக்கியபோதோ, கற்ற வித்தை அதனிடம் ஒரு சிறிதும் செல்லவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதென்பது பழமொழி; யாம் கொணர்ந்த சுரைக்காய் ஏட்டுக்கே உதவாததாயிற்று.

இதன் காரணம் எளிது. நம் ஓலைகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடும் வழக்கமில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் வேறுபாடின்றி எழுதப்படும். சொற்களுக்கிடையே வெளியில்லை; நிறுத்தக் குறியுமில்லை. மாகாணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் இடையிடையே வந்து மயக்கும். அச்சுநூல்களுங்கூட முற்றும் எளியன அல்ல. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் அச்சானவற்றில் ணை, லை, றா முதலியன பழைய வடிவில் இருத்தலின், புதிய வடிவிலேயே பழகிய யந்திரம் அவற்றைத் தாறுமாறாய் வாசிக்கின்றது. நம் கலாசாலை மலரின் பழைய இதழொன்றைப் படமெடுத்து அதன்முன் வைத்துப் பார்ப்பவர் இதனைத் தாமே காணலாம்.

காலக்கணக்கு இதனினும் நுட்பமானது. ஓலையொன்றில் 'விரோதி வருஷம் தை மாதம்' என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அறுபதாண்டுச் சுழற்சியில் விரோதி வருஷம் 1769, 1829, 1889 ஆகிய ஆண்டுகளிற் பிறந்தது. தை மாதம் என்றமையால் ஆங்கிலக் கணக்கில் ஓராண்டு கூட்டி 1770, 1830, 1890 எனக் கொள்ளல் வேண்டும். இவ்வளவும் கணினி ஒரு நொடியிற் கூறிவிடும். ஆயின் இம்மூன்றனுள் எது? கோயமுத்தூர்ச் சீமை 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னரே கும்பினியார் ஆட்சியில் நிலைபெற்றது; ஆதலின் அவ்வோலையிற் கும்பினி அதிகாரிகளைப் பற்றிய பேச்சு வருமாயின் முதலாவதைத் தள்ளிவிடலாம். விலை வராகனிற் குறிக்கப்பட்டதா, ரூபாயிற் குறிக்கப்பட்டதா என்று பார்த்தல் வேண்டும். சாட்சியிட்டோர் பெயர்களைப் பிற ஓலைகளோடு ஒத்துநோக்கல் வேண்டும். ஏடு வாசிக்க வல்லார் ஒருவர், சரித்திரம் அறிந்தார் ஒருவர், கணினி கற்றார் ஒருவர் ஆகிய மூவரும் ஒரே மேசையைச் சூழ்ந்து அமர்ந்தாலன்றி இவ்வேலை நிறைவேறாது. நம் பயிலரங்குகளோ மூன்றாமவரை மட்டும் ஆசனத்திலிருத்தி, முதலாமவரை அழைக்கவே மறந்துவிடுகின்றன.

அம்முதலாமவர் தொகை நாளுக்கு நாள் அருகி வருகின்றது. ஈரோட்டுப் புலவர் செ. இராசு அவர்கள் ஊர் ஊராய்ச் சென்று கொங்குநாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் திரட்டிப் பதிப்பித்தார். அவர் 2023-இல் மறைந்தார். அவர் அச்சிலேற்றியவை நம்மிடம் உள்ளன. அவரைப்போல ஓலையைக் கையிலெடுத்தவுடன் தடையின்றி வாசிக்கும் திறமை எத்தனை மாணாக்கரிடம் உள்ளது? யந்திரங்கள் வருகின்ற ஆண்டில் இன்னும் நன்றாய் அமையும். அவற்றிற்காகக் காத்திருப்பதால் நட்டமில்லை. முதியோர்க்காக அங்ஙனம் காத்திருக்க இயலுமா?

கூடிச் செய்யத்தக்க முதல் வேலை யாதென வினவின், கொங்குநாட்டு ஊர்ப்பெயர் அட்டவணை என்போம். பழைய கொங்கு இருபத்துநான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சாசனங்கள் பூந்துறை நாடு, காங்கேய நாடு, குறுப்பு நாடு என்று கூறும். பின்னர் வந்தது கோயமுத்தூர் ஜில்லா. 1887-இல் நிக்கல்சன் எழுதிய ஜில்லாக் கையேட்டைப் புரட்டினால் கரூரும் ஈரோடும் தாராபுரமும் கொள்ளேகாலமும் ஒரே ஜில்லாவில் அடங்கியிருக்கக் காணலாம். கரூர் 1910-இல் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. கொள்ளேகாலம் 1956-இல் மைசூர் இராஜ்யத்துட் சென்றது. 1979-இல் ஈரோடும் 2009-இல் திருப்பூரும் தனி மாவட்டத் தலைநகரங்களாயின. அவிநாசி பண்டைநாளிற் புக்கொளியூர் எனப்பட்டது. நம் நகரின் பெயரையே கோவன்புத்தூர், கோயம்புத்தூர், கோயமுத்தூர், கோவை எனப் பலவாறு எழுதுகின்றோம். இந்நிலையில் ஒரே பெயரைத் தட்டித் தேடும் மாணாக்கருக்குப் பாதிச் சரித்திரம் அகப்படாமற் போவதில் வியப்பென்ன? ஓர் ஊருக்கு வழங்கிய பெயர்கள் யாவும், அது அடங்கிய நாடு, தாலுகா, மாவட்டம், நிலப்படத்தில் அதன் இடம், ஒவ்வொன்றிற்கும் ஆதாரம் ஆகியவற்றை ஒரு வரிசையில் அமைத்தல் வேண்டும். ஒரு பயிலரங்கு இருபது ஊர்களை முடித்துக் கொடுத்தாலும், அடுத்த பயிலரங்கு இருபத்தோராவது ஊரிலிருந்து தொடங்கலாம்.

பட்டம் பெற வந்த மாணாக்கரை எழுத்தர் வேலைக்கு ஏவுவதா என்று பேராசிரியர் சிலர் வினவுவர். அவ்வினாவிலேயே ஓர் அநீதி ஒளிந்துள்ளது. கணினி கொண்டு நூலாராய்ச்சி செய்யும் துறைக்கு முன்னோடியாகக் கருதப்படும் இயேசுசபைத் துறவி ரொபெர்த்தோ பூசா, 1949-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையை நாடி, தாமஸ் அக்குவினாரின் நூல்களுக்குச் சொல்லடைவு அமைக்கலானார். அது முடிந்து 56 தொகுதிகளாக அச்சில் வெளிவர முப்பதாண்டு சென்றது. அட்டைகளில் துளையிட்டு அச்சொற்களைப் பதித்தவர்களிற் பெரும்பாலார் இளம்பெண்கள். அவர்கள் பெயர்களை உலகம் நெடுங்காலம் அறியவில்லை. நம் தமிழர் இதிற் சிறந்த வழி காட்டினர். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழ்வோர் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். தட்டச்சிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் முகப்பிலேயே குறிக்கப்படுகின்றன. நம் துறைகளும் இம்முறையைக் கைக்கொள்ளலாகாதா? நூறு ஓலைகளைப் பிழையறப் படியெடுத்து, ஐயமான இடங்களை ஐயமென்றே குறித்துக் குறிப்பெழுதிய மாணாக்கரின் உழைப்பை ஆய்வேடாக ஏற்றல் வேண்டும். முன்னோர் எழுதியவற்றைச் சொன்மாற்றி மீண்டும் எழுதும் ஆய்வேடுகள் பலவற்றினும் அது மேலானதென்பதிற் சந்தேகமில்லை.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கூறல் வேண்டும். கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, காணி யாருடையது என்பன குறித்த பழைய ஓலைகள் இன்றும் ஊரிற் பகையை மூட்ட வல்லன. அவற்றைக் கண்டவுடன் இணையத்தில் ஏற்றிவிடுதல் அறிவுடைமையாகாது. உடையவர் இசைவைக் கேட்டு, அவர் விரும்பாதவற்றைப் படியெடுத்து அடக்கமாய் வைத்திருத்தலும் பயிலரங்கிற் கற்பிக்கத்தக்க பாடமேயாம். அதனைக் கற்பிக்க யாரும் முன்வரக் கண்டிலோம்.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காங்கேயத்திலும் கொடுமுடியிலும் தாராபுரத்திலும் உங்கள் வீட்டுப் பரண்களில் ஓலைக்கட்டுகளும் கிரயப் பத்திரங்களும் கணக்கேடுகளும் கிடக்கலாம். பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கம் ஒழிந்தது. வீட்டை இடித்துக் கட்டுங்கால் அவற்றைக் குப்பையோடு வாரிவிடும் வழக்கம் வந்துள்ளது. எமக்கு அவற்றைக் கொடுத்துவிட வேண்டுவதில்லை. வரும் கோடை விடுமுறையில் ஒருநாட் காலை கொணர்ந்தால், உங்கள் கண்முன்னரே தூசு தட்டிப் படமெடுத்து, மாலைக்குள் எண்ணித் திருப்பித் தருவோம். வாசிக்கத் தெரிந்த பாட்டனார் எவரேனும் வீட்டில் இருப்பாராயின் அவரையும் உடன் அழைத்து வருக.