‘பட்டறைக்குத்தான் போவாய்’ என்று இனியும் சொல்லாதீர்!



“ஒழுங்காகப் படி. இல்லையென்றால் பட்டறையில் எண்ணெய்க் கையோடுதான் நிற்பாய்!”

இந்த மிரட்டலைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை இந்நாட்டில் அரிது. வீட்டில் பெற்றோர் சொல்கின்றனர். வகுப்பில் ஆசிரியர் சிலரும் சொல்கின்றனர். நல்லெண்ணத்தில் சொல்வதாகவே இருக்கட்டும். ஆயினும் அவ்வாக்கியம் பொய். அதோடு, பிள்ளையின் கையையும் மூளையையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பிரித்து வைக்கும் தீங்கும் அதில் இருக்கிறது. இதை மெய்ப்பிக்க நான் எடுத்துக்கொள்ளும் சான்று சற்று வியப்பாகத் தோன்றலாம்: வீட்டிலேயே கட்டப்படும் சிறு விமானம் ஒன்றின் சக்கரத்தில் பொருத்தப்படும் பிரேக்.

விமானத்திற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று குளுவாங்கில் வாழ்வோர் கேட்கமாட்டார்கள். தரைப்படையின் வான்பிரிவு முகாமிட்டிருக்கும் ஊர் நம்முடையது. ஹெலிகாப்டர் ஓசை கேட்டால் போதும், பாடத்தின் நடுவிலேயே பிள்ளைகளின் கண்கள் சன்னலுக்குப் போய்விடும். ‘என் ஆசை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், விமானியாக வேண்டும் என்று நாலைந்து பேராவது எழுதுவர். விமானத்தைக் கட்ட வேண்டும் என்று எழுதிய பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை. பறப்பவரைப் புகழவும் கட்டுபவரை மறக்கவும் நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

2022-ஆம் ஆண்டில் ஒரு செய்தி நம்மிடையே பரவலாகப் பகிரப்பட்டது நினைவிருக்கலாம். கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராக்‌ஷன், இங்கிலாந்தில் வாழும் பொறியாளர். 2020-இல் ஊரடங்குக் காலத்தில், தென்னாப்பிரிக்க நிறுவனமொன்றின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்னும் நான்கு இருக்கை விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைத்து, ஏறத்தாழ 18 மாதங்களில் தாமே கட்டி முடித்தார். ஏறக்குறைய 1 இலட்சத்து 40 ஆயிரம் பவுண்டு செலவானது. மகள் தியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2022 பிப்ரவரியில் அது முதன்முறையாக வானேறியது. பின்னர் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்கும் பறந்து வந்தார்.

செய்தியைப் பகிர்ந்தோர் அனைவரும் அவர் பறந்ததையே வியந்தனர். நான் கேட்கும் கேள்வி வேறு. அந்தப் பதினெட்டு மாதங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? துளையிட்டார், ரிவெட் அடித்தார், குழாய் பொருத்தினார். நாம் எந்த வேலையைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டுகிறோமோ, அந்த வேலையைத்தான் பட்டம் பெற்ற ஒரு பொறியாளர் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தார்.

அந்த வேலையில் எவ்வளவு அறிவு தேவைப்படுகிறது என்பதற்குப் பிரேக் ஒன்றை மட்டும் பார்ப்போம்.

இவ்வகை விமானங்கள் பலவற்றில் பிரேக் ஹைட்ராலிக் முறையில், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்குகிறது. விமானியின் காலடியில் இரண்டு மிதிகள். அவற்றின் மேல்நுனியைப் பாதத்தால் அழுத்தினால், மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் அமுக்கப்படும். அவ்வழுத்தம் குழாய்வழியே சென்று, சக்கரத்தருகே உள்ள பெரிய உந்துதண்டைத் தள்ளும். பிரேக் பேடுகள் தட்டைக் கவ்வும். இட மிதி இடச் சக்கரத்துக்கு, வல மிதி வலச் சக்கரத்துக்கு. எனவே பிரேக் இங்கே நிறுத்துவதற்கு மட்டும் உரியதன்று. தரையில் ஓடும்போது திரும்புவதற்கும் அதுவே துணை. ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் போனால் விமானம் ஓடுபாதையை விட்டே விலகிவிடும்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது, 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட விதி. சிறிய உந்துதண்டைவிடப் பெரியதன் விட்டம் இரு மடங்கானால், பரப்பு நான்கு மடங்கு. விசையும் நான்கு மடங்கு. ஆனால் அது நகரும் தூரமோ நான்கில் ஒரு பங்கு. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளி இயற்பியலில் இதை மனனம் செய்து எழுதுவர். விமானம் கட்டுபவருக்கு அது மனனப் பாடம் அன்று. சிலிண்டரின் அளவைத் தவறாகத் தேர்ந்தால், மிதி தரைதட்டும்வரை அழுத்தினாலும் சக்கரம் நிற்காது. அல்லது முழுப்பலத்தோடு மிதித்தாலும் பிடிமானம் போதாது.

அடுத்து, எண்ணெய். சிறு விமானங்களில் பெரும்பாலும் சிவப்பு நிறக் கனிம எண்ணெய் பயன்படுகிறது. காரில் ஊற்றும் பிரேக் ஆயில் பொதுவாகக் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. இரண்டும் பிரேக்குக்குத்தானே என்று ஒன்றை மற்றொன்றின் இடத்தில் ஊற்றினால், உள்ளிருக்கும் இரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். கனிம எண்ணெய்க்கு ஒருவகை இரப்பர், கிளைக்காலுக்கு வேறுவகை இரப்பர். இது வேதியியல்.

பின்பு, குழாய். உலோகக் குழாயின் நுனியைப் புனல்போல் விரித்து இணைப்பார்கள். விமானத் துறையில் அந்த விரிவின் கோணம் 37 பாகை; கார்ப் பட்டறைகளில் 45 பாகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். மாற்றிப் பொருத்தினால் கசியும். நான்காம் வகுப்பில் பாகைமானியை வைத்துக்கொண்டு “இது எதற்கு டீச்சர்?” என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை உண்டா?

கடைசியாக, காற்று. குழாய்க்குள் சிறு காற்றுக்குமிழி தங்கினாலும் மிதி பஞ்சுபோல் அமுங்கும். திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். மிதிப்பவரின் விசை சக்கரத்துக்குப் போகாமல் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகும். ஆகவே விமானம் கட்டுவோர் பலர், சக்கரப் பக்கத்திலிருந்து எண்ணெயை மெல்ல மேல்நோக்கிச் செலுத்துகின்றனர். காற்று இயல்பாகவே மேலே ஏறும். அதன் போக்கிலேயே அதனை வெளியேற்றுவது இம்முறை. பொறுமையில்லாதவருக்கு இவ்வேலை அமையாது.

சென்ற பருவத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவரிடம் ஊசியில்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளை, ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது, ஒரு குழாயால் இணைத்து, நீர் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு குழுவினருடையது சரியாக இயங்கவில்லை. முதல் மூன்று நிலைகளில் வரும் மாணவர்கள் சிரிஞ்சு பழுது என்றனர். கடைசி வரிசையில் அமர்ந்து, தேர்வுத்தாளில் பாதியைக் காலியாக விட்டுவரும் ஒரு மாணவன் அதை வாங்கிப் பார்த்தான். “டீச்சர், உள்ள காத்து நிக்குது. எங்கப்பா அத எடுத்துட்டுத்தான் வண்டிய குடுப்பாரு” என்றான். குழாயை மேல்நோக்கிப் பிடித்துத் தட்டினான், குமிழி வெளியேறியது. அவன் தந்தை மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருப்பவர். அந்த மாணவன் என்றேனும் “படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்” என்று கேட்டிருந்தால், அந்த வசை அவன் தந்தையின் மீதல்லவா விழுந்திருக்கும்?

வரலாற்றையும் கேளுங்கள். வாகனங்களில் ஹைட்ராலிக் பிரேக்கைப் புகுத்தியவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். அவர் மோட்டார் மெக்கானிக். தம்பி ஆலனோடு சேர்ந்து தம் கையாலேயே கடல்விமானம் ஒன்றைக் கட்டி, 1913-இல் சான் பிரான்சிஸ்கோவில் பறக்கவிட்டவர். பின்னர் விமானத் தொழிலை விட்டு விலகிப் பிரேக் நிறுவனம் தொடங்கினார். 1921-இல் டூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வெளிவந்தது. இன்று நம்மைப் பள்ளிக்கு ஏற்றிவரும் ஒவ்வொரு காரும் அந்த மெக்கானிக்கின் கைக்குக் கடன்பட்டிருக்கிறது.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்பீர்களானால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சஜி தாமஸைப் பாருங்கள். காது கேளாதவர், வாய் பேசாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவரும் தாமே இலகுரக விமானமொன்றைக் கட்டினார். அவர் வாழ்வைத் தழுவி 2017-இல் ‘விமானம்’ என்னும் மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது. பள்ளி அவரிடம் காணாத திறனை அவர் கைகள் காட்டின.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை நான் மதிக்கிறேன். “எங்கள் தாத்தா பால்மரம் சீவினார், அப்பா செம்பனைக் குலை அறுத்தார். மூன்று தலைமுறை கையால் உழைத்தது போதாதா? இவனாவது நாற்காலியில் உட்காரட்டும்” என்று பெற்றோர் சொல்வர். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வலி பொய்யன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். தோட்டத்தில் கைக்கு வேலை கொடுத்தார்கள். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. எத்தனை மரம், எந்த நேரம், என்ன கூலி என்பதை எவரோ தீர்மானித்தனர். பிரேக் பொருத்துபவரோ ஒவ்வொரு திருகுக்கும் தாமே முடிவெடுக்கிறார். ஏனென்று கேட்டால் காரணம் சொல்லவும் அவரால் முடியும். நம் முன்னோரிடமிருந்து பறிக்கப்பட்டது இந்த உரிமைதான். பிள்ளைகளைக் கைவேலையிலிருந்து விலக்கினால் அது திரும்பக் கிடைக்காது. கைவேலையின் அறிவை முழுமையாகக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

அப்படியானால் பட்டம் வேண்டாமா? வேண்டும். அசோக் பொறியியல் பயின்றவர். அவர் கட்டிய விமானமும் அந்நாட்டு விதிப்படி சோதிக்கப்பட்ட பிறகே பறந்தது. ஏடும் கையும் இரண்டும் வேண்டும் என்பதே என் வாதம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக்கொடுக்கும் நாமே, வகுப்பில் ஏட்டுச் சுரைக்காயை மட்டும் விளைவிக்கலாமா?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். ‘செய்து கற்றல்’ பற்றிக் கட்டுரை எழுதித்தான் நாம் அனைவரும் ஆசிரியரானோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு பாடமே இருக்கிறது. இன்னும் அந்தப் பாடவேளையைக் கணிதப் பயிற்றிக்குக் கொடுத்துவிடுவது எதற்காக? நேரமில்லை என்பீர். இரண்டு சிரிஞ்சு, ஒரு குழாய், ஒரு வாளி நீர். ஒரு பாடவேளை போதும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தன்முனைப்புப் பேச்சாளரை அழைத்து “கனவு காண்” என்று சொல்ல வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பள்ளியிலேயே படிக்கும் பிள்ளையின் தந்தை ஒருவர், பட்டறைக்காரர், வெல்டர், மின்பணியாளர் எவராயினும், ஆண்டுக்கு ஒருமுறை வகுப்புக்கு வந்து தம் தொழிலை விளக்கட்டும். சபையில் அவருக்குப் பொன்னாடையும் போர்த்துங்கள். அவர் பிள்ளை அன்று தலைநிமிர்ந்து அமரும்.

நாளை அந்தப் பிள்ளைகளுள் ஒருவர் விமானம் கட்டலாம், கட்டாமலும் போகலாம். ஆனால் நாம் ஏறும் ஒவ்வொரு பேருந்தின் பிரேக்கையும் யாரோ ஒருவர் எண்ணெய்க் கையோடுதான் சரிபார்க்கிறார். அவர் அறிவுடையவராக இருக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அந்த வேலையை அறிவில்லாதவனுக்கு உரிய தண்டனை என்று நம் பிள்ளைக்குச் சொல்லலாமா? சிந்தியுங்கள்.