கொசுறுக்கு ஒரு குறிப்பேடு

எங்கள் தெருவுக்குப் பூ விற்க வரும் அம்மையாருக்கு அண்மையில் உடல்நலம் குன்றியது. ஒரு வார காலம் அவருக்குப் பதிலாக அவருடைய மகன் வந்தார். ஆறடி உயரம். முழம் 30 ரூபாய் என்னும் விலையில் மாற்றமில்லை. ஆனால் மகனின் முழம் தாயின் முழத்தைவிட மூன்று விரற்கடையேனும் நீளம். தெருவே மகிழ்ந்தது. எட்டாம் நாள் தாய் திரும்பி வந்ததும் மல்லிகையின் விலை சொல்லாமல் கொள்ளாமல் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் இந்த ஏற்ற இறக்கம் இடம்பெறப் போவதில்லை. என் குறிப்பேட்டில் இடம்பெற்றிருக்கிறது.

1988 ஜூன் மாதம் விரிவுரையாளராகப் பணியில் சேர்ந்த வாரத்தில் காக்கி அட்டை போட்ட ஒரு நீள நோட்டு வாங்கினேன். பாடக் குறிப்பு எழுதுவதற்காக வாங்கியது. இரண்டு பக்கம் பாடக் குறிப்பு. மூன்றாம் பக்கத்திலிருந்து ஊர்க் குறிப்பு. பேருந்தில் கேட்டது, கடையில் கண்டது, இட்லியின் விலை, குடை பழுதுபார்ப்பவர் எந்த மாதத்தில் தெருவுக்கு வருகிறார், எந்த ஆண்டிலிருந்து வரவில்லை என்று அன்றாடம் நாலு வரி. இப்போது பதினான்காவது நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் கேட்காத ஒன்றை, யாருக்கும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் எழுதுவதில் உள்ள சுகம், ஆய்வேடு எழுதியவனுக்குத்தான் முழுமையாகப் புரியும்.

என் மனைவி என்னைவிடத் தேர்ந்த பதிவாளர். சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் பாக்கெட் கணக்கும், சமையல் எரிவாயு உருளை மாற்றிய தேதியும், வீட்டு வேலைக்கு வருபவர் எடுத்த விடுப்பும் அவருக்கு மட்டுமே விளங்கும் குறியீடுகளில் இருக்கும். ஆண்டு முடிந்ததும் காலண்டரை எறிவதில்லை. சுருட்டிப் பரணில் வைத்துவிடுவார். தம்முடையது கணக்கு என்றும், என்னுடையது ஊர்வம்பு என்றும் அவர் வகைப்படுத்தியிருக்கிறார். மறுப்பதற்கு என்னிடம் வலுவான சான்று இல்லை.

ஆனால் அந்த ஊர்வம்பில் ஒரு சொல் அடிக்கடி வருகிறது: கொசுறு. காய்கறி வாங்கி முடித்ததும் வண்டிக்காரர் பைக்குள் போடும் ஒரு பிடி கறிவேப்பிலை, கொத்தமல்லி. பொருளியல் பாடநூல்களில் இதற்கு இடமில்லை. எனினும் காய்கறிச் சந்தையின் நாடியைக் கொசுறைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாள் அனுபவம். தக்காளி விலை ஏறத் தொடங்கும்போது முதலில் கொத்தமல்லி மெலியும். பிறகு கொத்தமல்லி நின்று கறிவேப்பிலை மட்டும் வரும். அடுத்து அதையும் நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இறுதியில், "அஞ்சு ரூபாய்க்குத் தரட்டுங்களா சார்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி எழுந்த நாள்களையெல்லாம் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். விலையைத் தொடாமலே விலையை ஏற்றும் கலை அது. வாடிக்கையாளர் முகம் சுளிக்கக் கூடாது என்று வணிகர் எடுத்துக்கொள்ளும் அக்கறையும் அதில் இருக்கிறது.

பேரங்காடியில் கறிவேப்பிலை பத்து ரூபாய்க் கட்டாக நெகிழி உறைக்குள் இருக்கிறது. அங்கே கொசுறு கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆளில்லை. கைப்பேசி வழிப் பணம் செலுத்தும் முறையும் தன் பங்குக்கு ஒன்றைச் செய்திருக்கிறது. 2016-இல் தொடங்கிய யுபிஐ பரிவர்த்தனைகள், 2025 ஆகஸ்ட் மாதத்தில் முதன்முறையாக 2,000 கோடி என்ற எண்ணிக்கையைத் தாண்டின. வியக்கத்தக்க சாதனை. அதற்கு முன்பு 48 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 50 ரூபாய்த் தாளை நீட்டினால், இரண்டு ரூபாய்ச் சில்லறை இல்லாத குறையை ஓர் எலுமிச்சம்பழம் தீர்த்துவைக்கும். இன்று சரியாக 48 ரூபாய் போய்ச் சேர்கிறது. கணக்கு நேராகிவிட்டது, எலுமிச்சம்பழத்துக்கு வேலையில்லாமல் போய்விட்டது. சில்லறைக்குப் பதிலாக மருந்துக் கடையில் திணிக்கப்பட்ட மிட்டாய்களும் கூடவே ஒழிந்தன என்பதால் நான் இதைப் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன்.

சில்லறை இல்லாமை அரசின் வரிக் கொள்கையையே தடுமாறச் செய்யும் என்பதைச் சென்ற ஆண்டு கண்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கெட்டுக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து ரூபாய்ப் பொட்டலத்துக்கு அந்தப் பயனை முழுமையாகக் கொடுத்தால் விலை 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாதவை ஆகிவிட்ட நாட்டில், பெட்டிக்கடைக்காரர் 55 காசு மீதியை எப்படிக் கொடுப்பார்? விலையை ஐந்து ரூபாயாகவே நிறுத்திக்கொண்டு எடையை 12 விழுக்காடு கூட்டுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அதாவது, ஐம்பது கிராம் பொட்டலத்தில் கூடுதலாக ஆறு கிராம். நாடாளுமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் விவாதிக்கப்பட்ட ஒரு வரிச் சீர்திருத்தம், பள்ளிக்கூட வாசலில் ஒரு குழந்தையின் கையில் ஒரே ஒரு பிஸ்கெட்டாகச் சுருங்கி வந்து சேர்கிறது. அது வந்து சேர்ந்ததா என்று அறிய வேண்டுமானால் பழைய உறையின் எடையை யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும். நான் வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உறையின் பின்புறத்தைப் படிக்கும் முதியவரைக் கண்டால் பெட்டிக்கடைக்காரர்கள் வேறு விதமாக நினைத்துக்கொள்கிறார்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிறியதைக் குறித்து வைக்கும் இந்தப் பழக்கத்தில் தமிழர்களுக்கு ஒரு மூதாதை உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், அதற்கு எத்தனை பீரங்கி முழங்கியது என்பதும், துணி வணிகமும், ஆளுநரின் கோபமும், ஊர் வதந்தியும் அதில் அடுத்தடுத்து வரும். எது வரலாறு, எது வம்பு என்று அவர் பிரிக்கவில்லை. 1761 ஜனவரி 12 அன்று அவர் காலமானார். நான்கே நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்தக் குறிப்புகள் வெளியுலகின் கண்ணில் பட்டது 1846-இல்தான். தென்னிந்தியாவின் பதினெட்டாம் நூற்றாண்டை எழுதும் எவரும் இன்று அவரைத் தாண்டிச் செல்ல முடியாது.

எங்கள் துறையில் இன்னொரு முன்னுதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, அங்கு கண்டதை எழுதி வரச் செய்தார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, என்ன உண்கிறார்கள் என்பனவெல்லாம் 1918-இல் நூலாயின. அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. அதன்பின் 1930-களில் ஒருமுறை, பிறகு மீண்டும் மீண்டும், 2008 வரை ஆய்வாளர்கள் அந்த ஊருக்குத் திரும்பிச் சென்றிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மாற்றத்தை ஒரே ஊரில் வைத்துப் பார்க்க முடிவது, விடுமுறையில் வீட்டுக்குப் போன ஒரு கல்லூரி மாணவர் திண்ணைப் பேச்சைத் தாளில் எழுதியதால்தான். நானும் முப்பது ஆண்டுகள் மாணவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "தேர்வில் வருமா சார்?" என்பார்கள்.

அரசின் கணக்கெடுப்புகளை நான் இளப்பமாகப் பேசவில்லை. அவற்றால் சோறு உண்டவன் நான். ஆனால் அவை வருவதற்குள் ஊர் மாறிவிடுகிறது. 2011-12-க்குப் பிறகு எடுக்கப்பட்ட குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2017-18-க்கு உரியது; தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அதை அரசு வெளியிடவில்லை. அடுத்தது 2022-23. அதில்தான் ஊரகக் குடும்பச் செலவில் தானியங்களின் பங்கு 4.91 விழுக்காடாகச் சுருங்கியதும், பானங்களும் சிற்றுண்டிகளும் பதப்படுத்திய உணவும் சேர்ந்து 9.62 விழுக்காட்டை எட்டியதும் தெரியவந்தன. எளிதாகச் சொன்னால், ஊர் இப்போது அரிசிக்குச் செலவிடுவதைவிட டீக்கடையிலும் மளிகைக் கடையின் தொங்கும் பொட்டலங்களிலும் அதிகம் செலவிடுகிறது. 2011 முதல் ரேஷன் அரிசியை விலையின்றி வழங்கும் தமிழ்நாட்டில் இதைக் கண்டுபிடிக்கக் கணக்கெடுப்பு தேவையில்லை; காலை ஆறு மணிக்கு எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் பத்து நிமிடம் நின்றால் போதும். ஆயினும் 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட விலைக் குறியீடு, ஊரகத்தில் தானியத்துக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் எடை கொடுத்தபடி பத்தாண்டுகளைக் கடந்து ஓடியது. அரிசி விலை அசையாதபோது நாட்டில் விலைவாசி அசையவில்லை என்று அது சொல்லும். வடையோ வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

குறிப்பேடு என் பக்கம் மட்டுமே பேசும் என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம் அது என்னைக் காலை வாரிவிட்டது.

எங்கள் காலை நடைக் குழுவில் ஓய்வூதியர்கள் ஐவர். தேநீர் 15 ரூபாய் ஆனதிலிருந்து எங்களுக்குப் பேச வேறு பொருள் தேவைப்படவில்லை. நான் பணியில் சேர்ந்தபோது 75 காசு; இருபது மடங்கு ஏறியிருக்கிறது; எப்படி வாழ்வது என்று எல்லாரையும்விட உரத்துப் புலம்பியவன் நான்தான். வீட்டுக்கு வந்து முதல் நோட்டைப் புரட்டினேன். விலை 75 காசுதான், நினைவு தவறவில்லை. ஆனால் அதே பக்கத்தில் என் முதல் அடிப்படைச் சம்பளமும் இருந்தது: 2,200 ரூபாய். அன்றைய அடிப்படைச் சம்பளம் 2,933 தேநீருக்குச் சமம். இன்று அதே பணியில் புதிதாகச் சேரும் நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அது 3,846 தேநீர். அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. என் ஓய்வூதியத்தை வகுத்துப் பார்த்ததில் கிடைத்த விடையை நடைக் குழுவிடம் நான் இன்னும் தெரிவிக்கவில்லை.

அந்த வாரமே என் முன்னாள் மாணவி ஒருவர் பார்க்க வந்தார். முனைவர் பட்டம் பெற்றவர். தகுதித் தேர்வில் தேறியவர். எட்டு ஆண்டுகளாக ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நான் நடத்திய அதே பேரினப் பொருளியல் தாளை இப்போது அவர் நடத்துகிறார். தெருமுனைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே, என் கண்டுபிடிப்பைப் பெருமையோடு அவரிடம் சொன்னேன். கேட்டுச் சிரித்தார். பிறகு, "எனக்கும் வகுத்துச் சொல்லுங்க சார்" என்றார். மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டில் பதினோரு மாதம். மனக்கணக்கில் வகுக்கத் தொடங்கிய நான் பாதியில் நிறுத்திவிட்டேன். அவரே முடித்தார்: 1,666.

முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், முனைவர் பட்டம்கூட இல்லாமல், முதல் மாதச் சம்பளத்தின் அடிப்படைத் தொகையிலேயே நான் வாங்கியிருக்கக்கூடிய தேநீரில் அறுபது விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாட்டின் வருமானம் எத்தனை மடங்கு வளர்ந்தது என்பதை நாங்கள் இருவருமே கரும்பலகையில் எழுதிக் காட்டியவர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வழிகாட்டியிருக்கிறது. அது கிடைத்தாலும் 3,333 தேநீர்தான்; என்னுடைய 2,933-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவே. இது பேராசை ஆகுமா?

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பருவத்துக்குப் புதிய பாடநூல் ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்டார். நான் சட்டைப்பையைத் துழாவுவதற்குள், கைப்பேசியைக் கடைக்காரரின் கட்டத்துக்கு நேரே நீட்டிவிட்டார். வேண்டாம் அம்மா என்று நான் சொன்னது காதில் விழவில்லை. முப்பது ரூபாய் பெறப்பட்டது என்று ஒலிப்பெட்டி தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தது.

அன்றிரவு பதினான்காவது நோட்டில் எழுதியது இரண்டு வரி. தேநீர் இரண்டு; எனக்குச் செலவில்லை. கறிவேப்பிலை கிடைத்தது, கொத்தமல்லி இல்லை.