ஓடிப்போனது பையனா, கல்லூரியா?

அக்கா பையன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதிலிருந்து எனக்கும் அந்த ஊர் கல்லூரி கூடைப்பந்துப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. அங்கே ரசிகர்கள் புலம்பல் ஒன்றுதான்: "பையன்களுக்கு விசுவாசமே இல்லை, காசு எங்கேயோ அங்கே ஓடுறாங்க!"

வங்கிக்காரன் புத்தி, தேதிவாரியாகக் கணக்குப் பார்த்தேன். பையன்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்ததே 2021-ல்தான். கல்லூரிகள்? கான்பரன்ஸ் என்பது கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் லீக். அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸை 1953-ல் தொடங்கியவர்களில் ஒருவரான மேரிலாந்து, 2014-லேயே வருமானம் பார்த்து பிக் டென்னுக்குத் தாவிவிட்டது. 2024-ல் பேக்-12-லிருந்து ஒரே மூச்சில் 10 கல்லூரிகள் கிளம்பின, மிஞ்சியது இரண்டு. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் போய்ச் சேர்ந்த இடம், 'அட்லாண்டிக்' கரை! இத்தனைக்கும் காரணம் கூடைப்பந்துகூட இல்லை. அமெரிக்கக் கால்பந்துக்கு டிவிக்காரர்கள் கொட்டும் பணம்.

ஆள் பிடிக்க வீடு தேடி வரும் கோச், பெரிய சம்பளம் கிடைத்தால் மறுவருஷமே வேறு கல்லூரிக்குப் போகலாம். பையன் மாறினால், முன்பெல்லாம் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். என்ன நியாயம் சார் இது?

பழைய எதிரியோடு வருஷா வருஷம் மோதும் ஆட்டம் போய்விட்ட ரசிகனின் வருத்தம் நிஜம்தான். ஆனால் "சம்பளத்துக்காக ஊரை விட்டுட்டான்" என்று நம்மையும்தானே சொன்னார்கள்? முதலில் கிளம்பியது கல்லூரி. பற்று எழுதுவதாக இருந்தால் அதன் கணக்கில் எழுதுங்கள், பையன் கணக்கில் வேண்டாம்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?