இரு நாடு, ஓர் அணி

அயர்லாந்துத் தீவு 1921-இல் இரண்டாகப் பிரிந்தது. கால்பந்துச் சங்கமும் பிரிந்தது. 1879-இல் அமைந்த ரக்பி சங்கமோ பிரியவில்லை. தெற்கே குடியரசின் குடிமகனும், வடக்கே பிரிட்டிஷ் முடிக்கு உட்பட்டவனும் இன்றும் ஒரே பச்சைச் சட்டை அணிந்து ஆடுகிறார்கள்!

தொல்லை பாட்டில் வந்தது. 1954-இல் பெல்பாஸ்ட் ஆட்டத்தின்போது, பிரிட்டிஷ் கீதத்திற்கு எழுந்து நிற்கத் தெற்கத்திய ஆட்டக்காரர்கள் இசையவில்லை. அதற்குப் பிறகு 2007 வரை அவ்வணி அந்நகரில் முழுப் பன்னாட்டு ஆட்டம் ஆடவேயில்லை.

1995 உலகக் கோப்பைக்காகப் பில் கோல்ட்டர் பொதுப்பாட்டு ஒன்று எழுதித் தந்தார். உப்புச்சப்பற்ற பாட்டு என்று நகைப்பார் உளர். மெட்டு எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆயினும் எவனையும் தலைகுனிய வைக்காத பாட்டு அது.

வெளிநாட்டில் அது மட்டுமே ஒலிக்கும். டப்ளினில் குடியரசின் கீதமும் சேர்ந்து ஒலிக்கிறது. வடக்கத்திய வீரர் சிலர் அப்போது வாய் திறவாது நிற்பதுண்டு. அங்கும் பொதுப்பாட்டே போதும் என்பேன் நான். ஆட்டம் நடக்கும் நாட்டிற்கு மரியாதை என்று சமாதானம் சொல்கிறார்கள். அப்படியானால் 2007-இல் பெல்பாஸ்டில் பிரிட்டிஷ் கீதத்தை ஏன் ஒலிக்க விடவில்லை?