சீகன்பால்கு போட்ட பட்டியல்

தமிழ்மீது பற்று உண்டா என்று கேட்டால் நம் மன்றத்தில் கை தூக்காதவர் ஒருவரும் இரார். உங்கள் வீட்டில் இருக்கும் தமிழ் நூல்கள் எவை, அவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டா என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? என் கை உயராது. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் அப்படியொரு பட்டியல் போட்டார். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தவர். ஆலே நகரில் பயின்றவர். டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக்கு அனுப்பிய சமயத் தொண்டராக, 1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. எனக்கு இப்போது இருபத்து மூன்று!

வந்தவர் உடனே பேசத் தொடங்கிவிடவில்லை, படிக்கத் தொடங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து விரலால் அகரம் எழுதிப் பழகினார். பிறகு ஏடுகளைத் தேடினார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியல் எழுதி முடித்தார். அதில் இந்துக்களும் சமணரும் இயற்றிய நூல்களுக்கான பகுதியில் மட்டும் 119 நூல்கள் இடம்பெற்றுள்ளன. வெறும் பெயர் வரிசை அன்று. நூல் எதைப் பற்றியது, எத்தகையது என்று குறிப்பும் எழுதினார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் செருமன் மொழியில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் பாராமல் ஒப்பித்த நூல்களை அவர் பொருளறிந்து படித்தார்.

அவர் வாழ்வு பூப்பாதை அன்று. 1708 இறுதியில் தரங்கம்பாடியின் டேனிய ஆளுநரே அவரைக் கோட்டையில் சிறை வைத்தார்; நான்கு மாதம் கழித்தே வெளிவந்தார். தமிழர் வணங்கும் தெய்வங்களைப் பற்றி 1713-இல் ஒரு பெருநூல் எழுதி ஆலேக்கு அனுப்பினார். அவருடைய ஆசான் பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அந்தச் சமயத்தை வேரறுக்கவே தொண்டர்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்பது அவர் கருத்து. நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. இலத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் மட்டும் 1716-இல் ஆலேயில் வெளிவந்தது. 1719-இல், முப்பத்தாறாம் வயதில், தரங்கம்பாடியிலேயே அவர் கண் மூடினார்.

"சமயம் பரப்ப வந்தவர்தாமே? அவருக்கு ஏன் இத்தனை புகழ்?" என்று தோழர்கள் கேட்கலாம். உண்மைதான். நம் முன்னோர் நம்பிக்கைகளைப் பிழை என்றே அவர் கருதினார். நான் புகழ்வது அவர் தீர்ப்பை அன்று. தீர்ப்புச் சொல்லுமுன் அவர் செய்த வேலையை. நான் வேதியியல் மாணவன். ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருள் கைக்கு வந்தால் முதலில் பதிவேட்டில் எழுதுவோம், பிறகே ஆராய்வோம், கடைசியில்தான் கருத்துச் சொல்வோம். சீகன்பால்கு செய்ததும் அதுவே. மாற்ற வந்தவரே இவ்வளவு படித்தார் என்றால், போற்றுகிறோம் என்று முழங்கும் நாம் எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

அவருக்கு ஏடுகள் எப்படிக் கிடைத்தன தெரியுமா? ஆட்களை அனுப்பி ஊர் ஊராய்த் தேடினார். கணவரை இழந்த பெண்கள் பலர், வீட்டில் படிப்பார் இன்றிக் கிடந்த சுவடிகளைக் குறைந்த விலைக்குத் தந்தனர். இதைப் படித்தபோது என் நெஞ்சு சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

என் ஊர் கோலார் தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டை. பூட்டன் வடார்க்காட்டிலிருந்து பிழைக்க வந்து சுரங்கத்தில் இறங்கினார். தாத்தாவும் சுரங்கத் தொழிலாளி. எங்கள் மக்கள் பாறையை மட்டும் உடைத்தவர்கள் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் நின்றுபோனது. 1926-இல் அது மீண்டும் பிறந்தது எங்கள் தங்கவயலில், ஆசிரியர் அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்த சித்தார்த்தா புத்தகசாலையும் எங்கள் ஊருக்கு உரியதே. பகலெல்லாம் பூமிக்கடியில் உழைத்தவர்கள் இரவில் விளக்கடியில் படித்தார்கள்.

தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே பழுப்பேறிய சிறு நூல்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், நாடக நோட்டீசுகள். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, லைன் வீட்டை ஒழுங்குசெய்தபோது, ஆயா அதைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டார். "உனக்கு ஏதாச்சும் வேணுமாடா, கண்ணு?" என்று என்னைத்தான் முதலில் கேட்டார். எனக்கு அப்போது பதினேழு வயது, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே "வேணாம் ஆயா" என்றேன். பெட்டியில் இருந்தவை எவை என்று இன்று என்னால் மூன்று தலைப்புகூடச் சொல்ல முடியாது.

ஆயாமேல் குற்றம் இல்லை. தரங்கம்பாடிப் பெண்கள்மேலும் குற்றம் இல்லை. அங்கே வாங்க ஒருவர் வந்தார். வாங்கியதை எழுதி வைத்தார். இங்கே எழுதப் படிக்கத் தெரிந்த பேரன் பக்கத்திலேயே இருந்தும் பயன் இல்லை!

சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் சுவடாகச் சயனைடு மண்மேடுகளாவது நிற்கின்றன. நம்மவர் அச்சிட்ட எழுத்துக்கு எந்த மேடு நிற்கும்? எல்லாம் இணையத்தில் ஏறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பேப்பர்க்காரர் தராசில் ஏறியது இணையத்தில் எப்படி ஏறும்?

ஆகவே மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கோடிட்ட நோட்டு வாங்கிச் செல்லுங்கள். வீட்டுப் பரண், தாத்தா பெட்டி, அண்டை வீட்டு அலமாரி எல்லாவற்றையும் பாருங்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், ஆண்டு, யாரிடம் இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். நல்ல நூலா, தீய நூலா என்று பார்க்க வேண்டாம், அது பிறகு. நாற்பது பேர் பத்துப் பத்து எழுதினால் நானூறு ஆகும். தமிழ் விழாவில் ஒரு பட்டிமன்றத்தைக் குறைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை வெளியிடுவோம்.

நான் தொடங்கிவிட்டேன். சென்ற மாதம் எங்கள் தெருவில் மூன்று வீடுகள் ஏறி இறங்கினேன். பதினொரு நூல்கள் கிடைத்தன. முதல் பக்கத்தின் முதல் வரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அது தாத்தாவின் பெட்டிக்கு உரிய இடம்.